மத்தியானச் சோற்றுக்கு ஒரு பயணத் திட்டம்

ஆடி பிறந்துவிட்டால் வடமராட்சிக்கு வருகிற வாகனங்களில் பிள்ளைகளின் சத்தம் கூடிவிடும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் அது கோடை விடுமுறைக் காலம். இங்கே நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் திருவிழா. அதையொட்டித் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் கொடி ஏறும். கரவெட்டி, துன்னாலை, கரணவாய், உடுப்பிட்டி என்று ஊர் ஊராகப் பூட்டிக் கிடந்த வீடுகள் திறபடும். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது; 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது; கொழும்பிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கும் வழி இலகுவாகிவிட்டது. இப்படி வருகிற குடும்பங்கள் காலையில் கீரிமலை, பின்னேரம் மணற்காடு, இரவில் நல்லூரடியில் ஐஸ்கிரீம் என்று நாளை ஒழுங்காகத் திட்டமிடுகின்றன. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் யாரும் திட்டமிடுவதில்லை. பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகள் பசியில் சிணுங்கும்போது வான் ஓட்டுநர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே சாப்பாடு. அது பெரும்பாலும் குளிரூட்டிய மண்டபமாகவும், கொழும்பிலும் லண்டனிலும் கிடைக்கிற அதே ஃபிரைட் றைஸாகவும் முடிந்துவிடுகிறது. இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். மத்தியானச் சாப்பாட்டை முதலில் முடிவுசெய்ய வேண்டும். அதை ஊரின் சாதாரணச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் முடிவுசெய்ய வேண்டும். அன்றைய பயணத்தை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். குடாநாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிடக் குறுகிய வழி வேறு இல்லை என்பது என் துணிபு.

மூன்று வேளையில் மத்தியானத்தை மட்டும் ஏன் பிரித்தெடுக்க வேண்டும்? இந்த மண்ணில் சோறு மத்தியானத்துக்கு உரியது. காலையில் இடியப்பமோ தோசையோ பாணோ போதும். இரவில் பிட்டு, கடைக்குப் போனால் கொத்துரொட்டி. ஆனால் ஒரு வீட்டின் அடுப்பு முழுமையாக வேலை செய்வது மத்தியானச் சமையலுக்குத்தான். சாப்பாட்டுக்கடையின் அடுப்பும் அப்படித்தான். விடியவே தேங்காய் துருவத் தொடங்கினால்தான் பதினொன்றரைக்கு நாலு கறி இறங்கும். சைவக்கடை என்றால் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு கீரை, பயற்றங்காயோ பூசணியோ ஒரு குழம்பு, அப்பளம், மோர்மிளகாய்ப் பொரியல், கடைசியில் ரசம் அல்லது மோர். மச்சக்கடை என்றால் இவற்றில் சிலவற்றோடு மீன்குழம்பும் பொரித்த மீனும் சேரும். அதிர்ஷ்டம் இருந்தால் நண்டோ கணவாயோ இறாலோ சுறா வறையோ இருக்கும். சாதாரண உழைப்பாளி ஒருவர் ஒரே இருப்பில் இத்தனை சுவையைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிற வேளை இது ஒன்றுதான். இரவுக் கொத்துரொட்டி மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் உண்டு. முருங்கையிலை வறையும் சொதியும் குத்தரிசிச் சோறும் ஒரே கோப்பையில் வருவதற்கு இந்த ஊரும் இந்த நேரமும் வேண்டும்.

அந்தக் கோப்பையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்த்தால் ஒரு சமையல் முறையே தெரியும். சிவந்த நிறமாக வருகிற குழம்புக்கு அடிப்படை யாழ்ப்பாணத்துத் தூள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றையும் பதமாக வறுத்து ஒன்றாக இடித்த அல்லது திரித்த தூள் அது. தமிழ்நாட்டுச் சமையலில் மிளகாய்த்தூள் வேறு, மல்லித்தூள் வேறு. இங்கே எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் அதற்குத் தூள் என்று பெயர். அந்த உறைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது சொதி. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு இரண்டாம் பாலில் அவியவிட்டு, கட்டிப்பால் விட்டதும் கொதிக்கவிடாமல் இறக்கி, சூடு தணிந்த பின் தேசிக்காய் பிழிந்துவிடுவார்கள். கொதித்த பாலில் தேசிக்காய் பிழிந்தால் சொதி திரைந்துபோகும். இது சமையற்கட்டில் நிற்கிற எவருக்கும் தெரியும். ஒரு வாய் குழம்புச் சோறு, அடுத்த வாய் சொதிச் சோறு என்று மாறி மாறிச் சாப்பிடும்போதுதான் இந்த உறைப்பு ஏன் இவ்வளவு துணிச்சலாகப் போடப்படுகிறது என்பது விளங்கும். தணிப்பதற்கு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடப்படுகிற உறைப்பு இது.

இந்தச் சாப்பாடு நிலத்தின் அமைப்பிலிருந்து வருகிறது. வடமராட்சியின் வடக்கே கடல். வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை வரை கரையோரம் முழுவதும் மீன்பிடி. மேற்கிலும் தெற்கிலும் தொண்டைமானாற்று நீரேரி; இறாலும் சின்ன மீனும் அங்கிருந்து வரும். இரண்டுக்கும் நடுவில் தோட்டத் தறையும் வயலும். நெல்லியடிச் சந்தையில் காலையில் கூறு போட்டு விற்கிற கத்தரிக்காயும் வெங்காயமும் கீரையும் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துக் கடையில் கறியாக நிற்கும். அதனால்தான் இந்தக் கடைகளில் அச்சடித்த உணவுப் பட்டியலைத் தேடுவதில் பயனில்லை. சூடை மலிந்த நாளில் சூடை. பாரையோ விளைமீனோ பட்ட நாளில் அது. மாரியில் வடகடல் கொந்தளித்தால் மச்சக்கடையிலும் கருவாட்டுக் குழம்பைக் காணலாம். “இண்டைக்கு என்ன கறி?” என்ற கேள்வி இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு மீனும் மரக்கறியும் வருஷம் முழுக்க ஒரே மாதிரிக் கிடைக்கும். கடலும் மழையும் சாப்பாட்டைத் தீர்மானிக்கிற இடத்தை அந்தப் பிள்ளை முதன்முதலாக இங்கேதான் காணும்.

பயணப் பாதையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். யாழ். நகரில் நிற்கிற நாளில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள மலாயன் கபே சைவச் சாப்பாட்டுக்குப் பழைய பெயர், வாழையிலையில் பரிமாறுவார்கள். திருநெல்வேலியில் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகம் இருக்கிறது. சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு அங்கே கண்ணுக்கு முன்னால் தோசை சுட்டுத் தருவார்கள், குடிப்பதற்குப் பழச்சாறு உண்டு. அங்கிருந்து பருத்தித்துறை வீதியில் வந்தால் நீர்வேலியின் வாழைத் தோட்டங்கள், புத்தூர்ப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு, பிறகு மரமில்லாத வல்லைவெளி. வல்லைப் பாலம் தாண்டினால் வடமராட்சி. காலையில் நிலாவரையைப் பார்த்துவிட்டு வெயில் ஏறும்போது நெல்லியடிக்கு வந்து சேர்கிற மாதிரிப் புறப்பட்டால் கணக்குச் சரியாக இருக்கும். சந்தையையும் பஸ் நிலையத்தையும் சுற்றியுள்ள சாப்பாட்டுக்கடைகளில் பன்னிரண்டரைக்கு எங்கே வங்கிக்காரரும் ஆசிரியர்களும் பஸ் ஓட்டுநர்களும் இருந்து சாப்பிடுகிறார்களோ, அதுதான் நல்ல கடை. தினமும் அதே கடையில் சாப்பிடுகிறவர்களை ஒருநாள்கூட ஏமாற்ற முடியாது. சாப்பிட்ட பின் பருத்தித்துறைக்குப் போய்த் தட்டைவடை வாங்கிக்கொண்டு, வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டு, வெயில் தணிய மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போகலாம். பயணத்தில் எதுவும் குறையவில்லை. மத்தியானம் மட்டும் சேர்ந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கடையின் வாங்கில் அருகருகே இருந்து சாப்பிடுவது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அது எப்போதும் சாதாரணமாக இருந்ததில்லை. பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் குடாநாட்டுத் தேநீர்க்கடைகளிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் உள்ளே இடம் மறுக்கப்பட்ட காலம் நம் பாட்டன், பாட்டிமார் கண்ட காலம். வெளியே நிற்க வேண்டும். தேநீர் போத்தலிலோ தகரப்பேணியிலோ வரும். 1957இல் இந்தப் பாகுபாட்டைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் மட்டும் கடைக்கதவைத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பிறகு தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் ஊர் ஊராகப் போராட்டங்களாயின. சங்கானையும் மாவிட்டபுரமும் அவற்றில் பெயர் பெற்றவை. கரவெட்டிப் பகுதியின் கன்பொல்லைக் கிராமம் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் இந்தக் காலத்தைத்தான் பேசுகிறது. காசு கொடுத்த எவரும் உள்ளே வந்து இருந்து, எல்லாரும் சாப்பிடுகிற கோப்பையில் சாப்பிடலாம் என்பது அடிபட்டும் உயிர் கொடுத்தும் பெற்ற உரிமை. குளிரூட்டிய தனி அறைக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற குடும்பத்துக்கு இந்த வரலாறு கண்ணில் படாது. பொது வாங்கில் இருக்கிற குடும்பத்துக்கு அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பமாவது கிடைக்கும்.

அடுத்தது காசு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வி. இதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் கரீபியன் தீவுகள். விடுமுறைக் குடும்பங்களை நம்பியே வாழ்கிற அந்தத் தீவுகள் பலவற்றில், தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் அடங்கிய பெரிய கடற்கரை விடுதிகள் உண்டு. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே காசு கட்டிவிட்டவர் வெளியே வந்து தெருக்கடையில் சாப்பிட மாட்டார்; தீவுக்கு வந்தும் தீவின் சாப்பாட்டைக் காணாமல் திரும்பிவிடுவார். மறுபக்கத்தில், பார்படோஸின் ஒயிஸ்ரின்ஸ் என்ற மீனவ ஊரில் மீன்சந்தையடிக் கடைகளில் மீன் சாப்பிடுவதற்கென்றே பயணிகள் போகிறார்கள். மீன் பிடித்தவர், வெட்டியவர், பொரித்தவர் எல்லாரும் அந்த ஊரவர். காசும் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் எந்த வழியில் போக வேண்டும் என்று இன்றைக்கே யோசிக்கலாம். சின்னக் கடையில் செலவழிக்கிற காசு நெல்லியடிச் சந்தை வியாபாரிக்கும், கரையில் மீன் ஏலம் எடுத்தவருக்கும், தேங்காய் துருவுகிற பெண்ணுக்கும் அன்றைக்கே போய்ச் சேருகிறது. அம்மாச்சியில் நிற்கிற பெண்களில் போரில் கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்கொடை வேண்டாம், வாடிக்கையாளர் வேண்டும்.

கரீபியனிலிருந்து நமக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1850களில் தொடங்கிப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக் குடியேற்றங்களான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் அன்றாடப் பேச்சில் தமிழை இழந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் மாரியம்மன் வழிபாடு நின்றது. மல்லியும் மஞ்சளும் சீரகமும் சேர்ந்த கறித்தூளும் நின்றது. அந்தத் தூளில் சமைத்த ‘கொலம்போ’ என்ற கறி இன்றைக்கு அந்தத் தீவுகளின் பொதுச் சாப்பாடு; தமிழ் வம்சாவளி அல்லாதவரும் தம்முடையது என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். பாஷை போன பின்னும் நாக்கு வைத்திருந்தது அது. புலம்பெயர்ந்த நாட்டில் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர் இதை மனதில் கொள்ள வேண்டும். இலக்கணத்தால் பிடித்து வைக்க முடியாத ஒரு பிள்ளையைச் சொதியால் பிடித்து வைக்கலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. முதலாவது சுத்தம். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு வயிற்றில் பிழைத்தால் விடுமுறையில் நாலு நாள் போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் சின்னக் கடை அழுக்கு, பெரிய மண்டபம் சுத்தம் என்று பிரிப்பது தவறு. வயிற்றுக்குக் கெடுதல் செய்வது பெரும்பாலும் நேரம் கடந்த சாப்பாடும் கெட்ட தண்ணீரும். பன்னிரண்டு மணிக்கு இறக்கி இரண்டு மணிக்குள் முடிந்துபோகிற கறி, காலையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இளஞ்சூட்டில் கிடக்கிற கறியைவிடப் பத்திரமானது. ஆகவே பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில் போங்கள். ஆட்கள் அதிகம் வருகிற கடையாகப் பாருங்கள். தண்ணீருக்கு மூடி உடைக்காத போத்தலோ, கையோடு கொண்டுவந்த கொதித்தாறின தண்ணீரோ, வெட்டின இளநீரோ போதும். 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளைச் சோதிக்கிறார்கள். பிழை கண்டால் நீதிமன்றம் தண்டம் விதிக்கும். சமையற்கட்டை எட்டிப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். சுத்தமாக வைத்திருக்கிறவர் மறுக்கமாட்டார்.

இரண்டாவது உறைப்பு. “பிள்ளைக்கு உறைக்கும்” என்று சொல்லியே பல குடும்பங்கள் கடைவாசலோடு திரும்பிவிடுகின்றன. இந்தச் சமையல் பிள்ளைகளையும் நினைத்தே வளர்ந்தது. தூள் போடாத பால்கறிகளுக்கு வெள்ளைக்கறி என்று ஒரு தனி வரிசையே உண்டு. பருப்பு, உருளைக்கிழங்குப் பால்கறி, சொதி, அப்பளம், பொரித்த மீன், தயிர் இவ்வளவும் ஐந்து வயதுப் பிள்ளை சாப்பிடக்கூடியவை. “வெள்ளைக்கறியாப் போடுங்கோ” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வருஷம் அதே பிள்ளை குழம்பில் ஒரு துளி தொட்டுப் பார்க்கும்.

மூன்றாவது மறுப்பு மிகவும் வலுவானது: ஊரில் மாமி, சித்தி, பெரியம்மா இருக்கும்போது கடையில் சாப்பிடுவது அவர்களை அவமதிப்பதாகாதா? கரவெட்டியில் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. விருந்தோம்பல் இங்கே கௌரவம். ஆனால் அந்தக் கௌரவத்தை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வாரம் வந்து நிற்கிற பத்துப் பேருக்கு விடியற்காலை தொடங்கி இரவு வரை அடுப்படியில் நிற்பவர் அறுபது வயது தாண்டிய ஒரு பெண். வந்தவர்கள் கீரிமலைக்கும் காங்கேசன்துறைக்கும் போய்வந்த படங்களில் அவர் இருக்கமாட்டார். அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார். “மாமி, இண்டைக்குச் சமைக்க வேண்டாம், வெளிக்கிடுங்கோ, எல்லாரும் நெல்லியடியிலை சாப்பிடுவம்” என்று கூட்டிக்கொண்டு போவது அவமதிப்பு ஆகாது. எந்தக் கடையில் கூட்டு நல்லாயிருக்கும், எந்த மீன் பழசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைவிடத் தகுதியானவரும் இல்லை. அதோடு விருந்தாளிக்கு வீட்டில் வைப்பது விருந்துச் சாப்பாடு: கோழி, இறால், பொரியல், பாயாசம். ஊர் அன்றாடம் எதைச் சாப்பிட்டு வாழ்கிறது என்பதைக் கடைதான் காட்டும்.

திருவிழாக் காலத்தில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்லூர்க் கொடியேறினால் பல வீடுகளில் கொடி இறங்கும்வரை சைவம். செவ்வாய், வெள்ளியில் மச்சம் தொடாதவர்களும் நிறையப் பேர். நண்டுக்கறியை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தவருக்கு இது ஏமாற்றமாகலாம். ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவச் சமையல் முழுக்கைத்திறனையும் காட்டுகிற மாதம் இதுதான். செல்வச்சந்நிதி அன்னதானத்துக்குப் பேர்போன கோயில். அங்குள்ள மடங்களில் வந்தவர் யாரென்று கேளாமல் சோறு போடுகிற வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதைச் சுற்றுலாக் காட்சியாக நினைத்துக் கமராவோடு போகக்கூடாது. பந்தியில் இருந்து, போட்டதை வீணாக்காமல் சாப்பிட்டு, இயன்றதை மடத்துக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டும். பந்தியில் நின்று பரிமாறப் பிள்ளைகளையும் விட்டால் இன்னும் நல்லது.

கடைக்காரருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. குடும்பங்கள் திரும்பிப் போவதற்கு உண்மையான காரணம் பல இடங்களில் கறி இல்லை, கழிப்பறை. சின்னப் பிள்ளையோடும் வயதானவரோடும் வருகிறவர்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், சவர்க்காரம் வைத்த கைகழுவுமிடமும், ஓடுகிற மின்விசிறியும் இருந்தால் குளிரூட்டி தேவையில்லை. விலையைப் பலகையில் எழுதிப் போடுங்கள். உடுப்பைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற முறைப்பாடு அதோடு நின்றுவிடும். லஞ்ச் சீற்றுக்குப் பதிலாக நீர்வேலி வாழையிலை போடுங்கள்; மக்காத லஞ்ச் சீற்றுக்கு நாட்டில் 2017 செப்ரெம்பரிலேயே தடை வந்துவிட்டது. பிரதேச சபையும் பெரிய சுற்றுலாத் திட்டங்களுக்கு முன்னால் சந்தையடியில் ஒரு நல்ல பொதுக் கழிப்பறையைக் கட்டிப் பராமரித்தால், நெல்லியடியின் பத்துக் கடைக்கு அது செய்கிற உதவி பெரிது.

இந்த விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு மத்தியானத்தையாவது இப்படி ஒதுக்கிவையுங்கள். பன்னிரண்டரைக்கு முன் போய் இருங்கள். என்ன கறி என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் நல்லது என்று சொல்வதை வாங்குங்கள். கையால் சாப்பிடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். எழுதிப் போட்ட விலைக்குப் பேரம் பேசாதீர்கள். வீட்டில் சமைப்பவரை அன்றைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு முதலில் பரிமாறச் சொல்லுங்கள்.